கேட்பாரற்ற வங்கிப் பணம் வசதி குறைந்தோருக்கு: பிரித்துக் கொடுப்பதை யார் கண்காணிப்பது?

செம்பவாங்_சேது

பிரிட்டன், அயர்லாந்து, ஜப்பான் மூன்று நாடுகளிலும், பல வருடமாக யாரும் தொடாத வங்கிக் கணக்குப் பணத்தைச் சமூகத் தேவைக்குச் செலவிடச் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் இல்லை. இங்கே கணக்கு செயலிழந்தாலும் பணம் அந்த வங்கியிலேயே கிடக்கும். உரியவரோ வாரிசோ எப்போது வந்து கேட்டாலும் வங்கி கொடுத்தாக வேண்டும். வாடிக்கையாளருக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடைசிவரை யாருமே வராத பணம் வங்கிக்குத்தான் வருமானம் ஈட்டித் தருகிறது.

"ஏழைகளுக்குக் கொடுக்கலாமே" என்பதோடு பேச்சு நின்றுவிடக் கூடாது என்றுதான் இந்த இழை. யார் எடுப்பது, யார் வைத்திருப்பது, யார் பிரிப்பது, யார் கணக்குப் பார்ப்பது, இதைப் பேசுவோம்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். உயில் இல்லாமல் இறந்தவருக்குச் சட்டப்படி உறவினர் ஒருவரும் இல்லையென்றால் அந்தச் சொத்து அரசாங்கத்துக்குப் போகும். அது வேறு. செயலிழந்த கணக்குக்கு உரியவர் உயிரோடு இருக்கலாம், வாரிசு இருக்கலாம். அது இன்னொருவருடைய பணம். கண்காணிப்பு அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தணிக்கைத்_தமிழ்

சேது அண்ணே, இதற்கு அயர்லாந்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். "வசதி குறைந்தவர்கள்" என்பதைச் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்த நாடு அது. 2001ஆம் ஆண்டுச் சட்டம். கணக்கை 15 வருடம் யாரும் இயக்கவில்லை என்றால் வங்கி உரியவருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும், நாளிதழில் அறிவிப்பும் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் பதில் இல்லாவிட்டால் பணம் தேசியக் கருவூல மேலாண்மை முகவை நடத்தும் தனி நிதிக்குப் போகும். பொருளாதார, சமூக, கல்வி நிலையில் பின்தங்கியவர்களுக்கும் உடற்குறையுள்ளவர்களுக்கும் மட்டுமே அதிலிருந்து செலவு செய்யலாம்.

இந்த அமைப்பில் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. தொடக்கத்தில் யாருக்குக் கொடுப்பது என்பதை ஒரு தனி வாரியம் முடிவு செய்தது. 2005 திருத்தத்தில் அந்த அதிகாரம் அமைச்சர்கள் பக்கம் போனது. வாரியத்துக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும் மிஞ்சியது. 2012 சட்டத்தில் வாரியமே கலைக்கப்பட்டது. இப்போது அமைச்சர் சில ஆண்டுகளுக்கான திட்டம் ஒன்றும், வருடந்தோறும் செயல்திட்டம் ஒன்றும் வெளியிடுகிறார். இந்த முறையில் திட்டங்கள் நிதியமைச்சின் ஒழுங்குக்குள் வருகின்றன, அது நல்லது. அதே நேரம், எந்தத் தொகுதிக்கு எவ்வளவு போகிறது என்பதில் அரசியல் நுழைய வழியும் திறக்கிறது.

சிங்கப்பூரில் இப்படியொரு சட்டம் வந்தால் நான் கேட்பது இதுதான்: அமைச்சர் நோக்கங்களை அறிவிக்கலாம், ஆனால் எந்த அமைப்புக்கு எவ்வளவு என்பதில் அவர் கை இருக்கக் கூடாது.

அங்_மோ_கியோ_கயல்

பிரிட்டன் முறையில் பணம் ஒவ்வொரு படியிலும் வேறு கைக்கு மாறுகிறது. கண்காணிப்புக்கு அதுதான் பாடம்.

2008 சட்டப்படி 15 வருடம் அசைவில்லாத கணக்கின் பணத்தை வங்கியானது மீட்பு நிதி என்ற தனி நிறுவனத்துக்கு அனுப்பலாம். "அனுப்பலாம்" என்றுதான் சட்டம் சொல்கிறது, கட்டாயம் இல்லை. 2011இல் வேலையைத் தொடங்கிய அந்த நிறுவனம் 2021இல் நிதியமைச்சின் கீழ் பொது அமைப்பானது. பணம் கை மாறும்போது கடனும் கை மாறும். வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு மீட்பு நிதிக்கு வந்துவிடும். அதனால் வரும் தொகை முழுவதையும் அது வெளியே விடுவதில்லை. 40 சதவிகிதத்தை ஒதுக்கிவிட்டு மீதியை அனுப்புவது என்ற கணக்கில்தான் ஆரம்பித்தார்கள்.

அங்கிருந்து பணம் லாட்டரி சமூக நிதிக்கும், அதன் பிறகு செலவிடும் அமைப்புகளுக்கும் போகிறது. இங்கிலாந்துப் பங்கில் இளையர் வேலைவாய்ப்புக்கு ஓர் அமைப்பு, குறைந்த வருமானக்காரர்களுக்கு நியாயமான கடன் கிடைக்க ஓர் அமைப்பு, சமூக முதலீட்டுக்கு இரண்டு. இந்த நான்குக்கும் மேலே மேற்பார்வை அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை வெளியாட்கள் குழுவை வைத்து ஒவ்வோர் அமைப்பையும் அது மறுபரிசீலனை செய்கிறது, அறிக்கை பொதுவில் வருகிறது. 2022 சட்டம் காப்பீடு, ஓய்வூதியம், முதலீடு ஆகியவற்றையும் இதற்குள் கொண்டுவந்தது.

குறை எங்கே? முதல் வருடங்களில் பெருந்தொகை சமூக முதலீட்டுக்குத்தான் போனது. 2012இல் தொடங்கிய சமூக முதலீட்டு நிறுவனத்துக்கு 400 மில்லியன் பவுண்டு இந்தப் பணத்திலிருந்து, 200 மில்லியன் நான்கு பெரிய வங்கிகளிடமிருந்து என்பது ஏற்பாடு. அந்தப் பணம் அறநிறுவனங்களைக் கடனாகவும் முதலீடாகவும்தான் சென்றடைகிறது. திருப்பிக் கட்ட வருமானம் உள்ள அமைப்பு வாங்கும். பேட்டையில் பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் சின்னக் குழு எப்படி வாங்கும்? "வசதி குறைந்த சமூகத்துக்கு" என்று சட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது, மானியமா கடனா என்பதையும் சட்டமே சொல்ல வேண்டும்.

வரவுசெலவு_வளவன்

சிங்கப்பூரில் இதற்கு அரசமைப்புச் சட்டச் சிக்கல் ஒன்று இருக்கிறது.

கேட்பாரற்ற பணத்தை அரசாங்கத்தின் வரவெல்லாம் சேரும் தொகுப்பு நிதியில் வருமானமாகச் சேர்த்தால், அந்த அரசாங்கத்தின் தவணை முடியும்போது செலவாகாமல் மிஞ்சியது கடந்தகால நிதி இருப்பாகிவிடும். அதைத் தொட அதிபரின் ஒப்புதல் வேண்டும். ஏழைகளுக்கென்று எடுத்த பணம் பொதுத்தேர்தல் முடிந்ததும் பூட்டுக்குள் போய்விடும். வருமானமாக எழுதாமல், உரியவருக்குத் தர வேண்டிய கடனாகவே எழுதி, தொகுப்பு நிதிக்கு வெளியே அறக்கட்டளை நிதியாக வைத்தால்தான் இது தீரும். சட்டத்தின் முதல் சில பிரிவுகளிலேயே இதை எழுதிவிட வேண்டும். பிறகு விதிமுறை போட்டுச் சரிசெய்யலாம் என்று விட்டால் சரிவராது.

நமக்குப் பழகிய முன்மாதிரி மெடிஃபண்ட், மருத்துவச் செலவைக் கட்ட முடியாதவர்களுக்கான அரசாங்க நிதி. 1993இல் 200 மில்லியன் வெள்ளி மூலதனத்தோடு தொடங்கினார்கள். மூலதனத்தைத் தொடுவதில்லை, முதலீட்டு வருமானம் மட்டும் மருத்துவமனைகளுக்குப் போகிறது, யாருக்கு எவ்வளவு என்பதை அந்தந்த மருத்துவமனைக் குழு முடிவு செய்கிறது. கேட்பாரற்ற பணத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. மூலதனம் அப்படியே இருப்பதால் உரியவர் என்றைக்கு வந்தாலும் பணம் இருக்கும். குறை என்னவென்றால் வருடந்தோறும் கைக்கு வரும் தொகை சிறியது. 100 மில்லியன் மூலதனத்தில் 3 சதவிகிதம் கிடைத்தால் 3 மில்லியன்தான்.

சட்டப்பக்கம்

பணத்தை எடுப்பதற்கு முன் உரியவரைத் தேட வேண்டும் அல்லவா? அங்கே தடையாக நிற்பது வங்கிச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. வாடிக்கையாளர் விவரத்தை வங்கி வெளியிடக் கூடாது. விதிவிலக்குகள் மூன்றாம் அட்டவணையில் இருக்கின்றன. "இன்னாருக்கு எங்களிடம் செயலிழந்த கணக்கு இருக்கிறது" என்று பெயர்ப் பட்டியல் போடுவதும் விவரம் வெளியிடுவதுதான். புதுச் சட்டம் இதற்கு வழி செய்யாமல் எந்த வங்கியும் அசையாது.

இந்தியா 2023 ஆகஸ்டில் உத்கம் என்ற தேடல் தளத்தைத் திறந்தது. 7 வங்கிகளில் ஆரம்பித்து 2024 மார்ச்சில் 30 வங்கிகளுக்கு வந்தது. கணக்குக்காரரின் பெயரோடு பான் எண், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி இவற்றில் ஒன்றைக் கொடுத்துத் தேடலாம். பெயரை முன்வைத்த தேடல் என்பதால் எழுத்துக்கூட்டல் ஒன்று மாறினாலும் தப்பிவிடும். இன்ஷியலை விரித்து எழுதிய கணக்கு ஒன்று, தந்தை பெயரோடு சேர்த்து எழுதிய கணக்கு ஒன்று என்று தமிழ்ப் பெயர்களில் இது ரொம்பவே நடக்கும்.

இங்கே சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் இருப்பதால் உயிரோடு இருப்பவருக்குப் பெயர்த் தேடலே தேவையில்லை. அடையாள அட்டை எண்ணை வைத்து எல்லா வங்கிகளிடமும் கேட்டு "இந்த வங்கியில் உண்டு" என்று மட்டும் காட்டினால் போதும். தொகையைக் காட்ட வேண்டாம். ஒருவர் தன் வங்கி விவரங்களை ஒரே இடத்தில் பார்க்க எஸ்ஜி ஃபின்டெக்ஸ் 2020 டிசம்பரிலிருந்து இருக்கிறது, அந்தப் பாதையை விரிவாக்கலாம். சிரமம் இறந்தவர்களின் கணக்கில்தான். வாரிசு என்று சொல்லி வருபவர் யார் என்பதை நிரூபிக்காமல் "உண்டு" என்றுகூடச் சொல்லக் கூடாது.

ஊழியர்நலன்_உமா

எல்லாரும் சிங்கப்பூர்வாசிகளையே மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பிய வெளிநாட்டு ஊழியர்களின் கணக்குகளையும் இதில் சேர்த்துப் பாருங்கள். தொகை சின்னதாக இருக்கும், ஆனால் உரியவரை நிச்சயமாகக் கண்டுபிடிக்க முடியும்.

பணம் எப்படி மாட்டிக்கொள்கிறது என்று சொல்கிறேன். வேலை அனுமதியை ரத்து செய்து ஊழியர் விமானம் ஏறிய பிறகு கடைசிச் சம்பளமோ, ஓவர்டைம் பாக்கியோ கணக்கில் விழுகிறது. உள்ளூர் சிம் கார்டு அதற்குள் செத்துப்போயிருக்கும். ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் போகும். ஊரில் புதுக் கைப்பேசி வாங்கியிருந்தால் வங்கிச் செயலியின் டோக்கனை மறுபடி பதிவு செய்ய வேண்டும், அதற்கும் பழைய எண் கேட்கும். வங்கி அனுப்பும் கடிதம் தங்குவிடுதி முகவரிக்குப் போகும், அங்கே அவர் கட்டிலில் இன்னொருவர் படுத்திருப்பார். கடிதம் திரும்பி வந்தால் வங்கியின் பதிவில் "தொடர்புகொள்ள முடியவில்லை". எங்கோ மறைந்த மனிதர் இல்லை, திருவாரூரிலோ சிவகங்கையிலோ வீட்டில் இருக்கிறார்.

அவர் இறந்துவிட்டால் இன்னும் கஷ்டம். குடும்பத்தார் கையில் தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழ் இருக்கும். அது நீதிமன்ற ஆணை கிடையாது, இங்குள்ள வங்கிக்கு அது மட்டும் போதாது. மொத்தச் சொத்து 50,000 வெள்ளிக்கு மேல் போகாவிட்டால் இறந்தவர் சொத்தைப் பிரித்துத் தரும் அரசு அலுவலகமான பொது அறங்காவலர் அலுவலகம் கையாள வழியுண்டு; அதற்கு மேல் என்றால் குடும்ப நீதிமன்றத்தில் நிர்வாக அதிகார ஆணை வாங்க வேண்டும். ஊரிலிருந்து வரும் ஆவணத்துக்கு நோட்டரி, மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சின் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாகும் சான்றொப்பம்) என்று படிப்படியாகப் போக வேண்டும். 2021 செப்டம்பரில் அப்போஸ்டில் உடன்படிக்கை சிங்கப்பூரில் நடைமுறைக்கு வந்துவிட்டதால் தூதரகத்துக்கு அலைவது குறைந்திருக்கிறது. இருந்தும் 180 வெள்ளி மீதிக்கு இத்தனை அலைச்சல் கட்டுப்படியாகாது. அதனால்தான் விட்டுவிடுகிறார்கள். "யாரும் கேட்கவில்லை" என்பதற்கு இதுதான் அர்த்தம் என்றால், அந்தப் பணத்தை எடுத்து இங்கே வேறொருவருக்குத் தருவதை எப்படி நியாயப்படுத்துவது?

என் யோசனை: வெளிநாட்டு ஊழியர் கணக்கு திறக்கும்போதே ஊர் முகவரி, ஊர் வங்கிக் கணக்கு எண், குடும்பத்தில் ஒருவரின் தொலைபேசி எண் மூன்றையும் வாங்க வேண்டும். வேலை அனுமதி ரத்தானதும் மீதியை ஊர்க் கணக்குக்கு அனுப்ப முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிடலாம். தேடலுக்குக் கடவுச்சீட்டு எண்ணை நம்பாதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டு 10 வருடத்தில் காலாவதியாகும், புதியதில் எண்ணே மாறிவிடும். வேலை அனுமதி அட்டையில் உள்ள ஃபின் எண்தான் (வெளிநாட்டவருக்கு இங்கே தரும் அடையாள எண்) சரியான திறவுகோல்.

செம்பவாங்_சேது

உமா அக்கா சொன்னதோடு கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். குறைந்தபட்ச இருப்பு இல்லாத கணக்கில் மாதம் 2 வெள்ளி பிடித்தால் 180 வெள்ளி ஏழரை வருடத்தில் காலி. 15 வருடம் காத்திருக்கும் சட்டம் வந்தால் சின்னக் கணக்குகள் நிதிக்கு வந்து சேரவே சேராது. 12 மாதம் அசைவில்லை என்றால் அன்றிலிருந்து கட்டணத்தை நிறுத்த வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும்.

ஜப்பான் காலத்தைக் குறைத்தது. 10 வருடம்தான். 2009 ஜனவரிக்குப் பிந்தைய பரிவர்த்தனைகளை வைத்துக் கணக்கிடுகிறார்கள், சட்டம் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 10,000 யென்னோ அதற்கு மேலோ இருந்தால் வங்கி தனிக் கடிதம் அனுப்ப வேண்டும். கடிதம் உரியவரைச் சேர்ந்துவிட்டால் அந்தக் கணக்கு செயலிழந்ததாகவே ஆகாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஆள் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் அவர் பணத்தைத் தொடக் கூடாது. பணத்தை வைத்திருப்பது வைப்புக் காப்புறுதிக் கழகம், பிரிப்பது 2019இல் நியமிக்கப்பட்ட ஜான்பியா என்ற அமைப்பு, கண்காணிப்பது அமைச்சரவை அலுவலகம். மூன்றும் தனித்தனி.

யீஷூன்_எழில்

மலேசியாவையும் பாருங்கள். அங்கே 1965லிருந்தே சட்டம் இருக்கிறது. வங்கிக் கணக்கு 7 வருடம் அசையாவிட்டால் பணம் தலைமைக் கணக்காளர் துறைக்குப் போகும், எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். ஏழைகளுக்கென்று அங்கே தனியாக ஒதுக்குவதில்லை.

என் கேள்வி வேறு. இங்கே சிண்டா, மெண்டாக்கி, சீனர் மேம்பாட்டு மன்றம், யுரேசியர் சங்கம் என்று அந்தந்த இனத்தவருக்கு உதவும் அமைப்புகள் நான்கும் தயாராக இருக்கின்றன. புது அமைப்பு ஒன்றை உருவாக்கிச் சம்பளம் கொடுப்பதைவிட நேரடியாக அவர்களிடமே கொடுத்துவிடலாமே? குறைந்த வருமானக் குடும்பங்களின் பட்டியலே அவர்களிடம் இருக்கிறது.

தணிக்கைத்_தமிழ்

எழில், நான் இதற்கு உடன்படவில்லை. காரணம் இரண்டு.

இந்தியர்களுக்கான சிண்டாவுக்கு மத்திய சேமநிதி வழியாகச் சம்பளத்துக்கேற்ப மாதம் 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை சந்தா வருகிறது, அரசாங்கமும் மானியம் தருகிறது. புதுப் பணம் உள்ளே வந்ததும் பழைய பணம் மெதுவாகப் பின்வாங்கும் ஆபத்து எப்போதும் உண்டு. அப்படி நடந்தால் கேட்பாரற்ற பணம் ஏழைக்குப் போகவில்லை, அரசாங்கத்தின் செலவைக் குறைத்திருக்கிறது. அரசாங்கம் வழக்கமாகச் செய்யும் செலவுக்குப் பதிலாக இந்தப் பணத்தைப் பயன்படுத்தக் கூடாது என்ற கொள்கையைப் பிரிட்டன் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள், லாட்டரி சமூக நிதி அதைப் பற்றி அறிக்கை தர வேண்டும். இங்கே அறிக்கை போதாது. மானியம் பெறும் அமைப்பு முந்தைய 3 வருடங்களின் அரசு நிதி எவ்வளவு என்று காட்டட்டும்; அது குறைந்தால் ஏன் என்று சம்பந்தப்பட்ட அமைச்சு நாடாளுமன்றத்தில் விளக்கட்டும்.

இரண்டாவது, கணக்கு ஓர் இனத்தவருடையது என்பதால் பணமும் அந்த இனத்தின் அமைப்புக்குப் போக வேண்டும் என்ற வாதம் அடுத்து வரும். வங்கிகளில் எந்த இனத்தின் பணம் எவ்வளவு கிடக்கிறது என்று எண்ணத் தொடங்குவது யாருக்கும் நல்லதல்ல. நான்கு அமைப்புகளும் மற்ற அறநிறுவனங்களைப் போல விண்ணப்பிக்கட்டும், தகுதிக்கு வாங்கட்டும்.

யீஷூன்_எழில்

முதல் காரணம் சரி. இரண்டாவதை ஏற்க முடியவில்லை. தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டியின் வீட்டுக்கு யார் போய்க் கதவைத் தட்டப் போகிறார்கள்? பொதுவான விண்ணப்ப முறையில் ஆங்கிலத்தில் நன்றாகத் திட்டம் எழுதத் தெரிந்த பெரிய அமைப்புகள்தான் ஜெயிக்கும். குறைந்தபட்சம் 20,000 வெள்ளிக்குக் கீழான மானியங்களுக்கு இரண்டு பக்க விண்ணப்பம், நான்கு மொழியிலும் நேர்காணல் என்று வையுங்கள்.

அங்_மோ_கியோ_கயல்

எழில் கேட்பது நியாயம், அதைச் செய்யவும் முடியும். ஆனால் சின்ன மானியத்துக்கும் கணக்குத் தனியாக இருக்க வேண்டும். பிரித்துக் கொடுத்த பிறகு எங்கே கெட்டுப்போகிறது என்று பார்த்தால் திரும்பத் திரும்ப இந்த இடங்கள்தான்.

முதலாவது, ஒரே வேலையை இரண்டு நன்கொடையாளர்களிடம் காட்டுவது. 40 பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்பு என்று இங்கேயும் எழுதுவார்கள், லாட்டரி, பந்தய உபரியிலிருந்து நன்கொடை தரும் டோட் போர்டு என்ற அரசு அமைப்பின் மானியத்திலும் எழுதுவார்கள். மானியத்தை நோக்கம் குறித்த நிதியாகத் தனிப் பத்தியில் காட்டச் சொன்னால், ஆண்டுக் கணக்கைப் புரட்டும்போதே தணிக்கையாளருக்குத் தெரிந்துவிடும். அடுத்தது, பணத்தைச் செலவழிக்காமல் சேமிப்பாக வைத்துக்கொள்வது. 2005இல் தேசிய சிறுநீரக அறநிறுவன விவகாரம் வெடித்தபோது, கையில் எத்தனை வருடத்துக்கான இருப்பு இருக்கிறது என்று வெளியே சொன்னதற்கும் உண்மைக்கும் இருந்த இடைவெளியும் மக்களைக் கொதிக்க வைத்தது. அதன் பிறகுதான் அறநிறுவன ஆணையர் அலுவலகத்தின் பிடி இறுகியது, நிர்வாக நெறிமுறையும் வந்தது.

அதனால் தவணை முறை. கையெழுத்தானதும் 30 சதவிகிதம், பாதி வேலை முடிந்த சான்றுக்குப் பிறகு 50, கடைசி 20 தணிக்கை செய்த கணக்கு வந்த பிறகு. சின்ன அமைப்புக்குக் கையில் ரொக்கம் இருக்காது, அவர்களுக்கு முதல் தவணையை 60 ஆக்கலாம். அறநிறுவனங்கள் நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள் ஆணையரிடம் ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. கடைசித் தவணையை அதோடு கட்டிவிட்டால் தனியாக இன்னோர் அறிக்கை கேட்டு வதைக்க வேண்டாம்.

மானியக் குழுவில் இருப்பவர் தான் நிர்வாகத்தில் உள்ள அமைப்பு விண்ணப்பித்தால் அறையை விட்டு வெளியே போவது மட்டும் போதாது. அந்தச் சுற்றில் எந்த விண்ணப்பத்துக்கும் அவர் மதிப்பெண் போடக் கூடாது. போட்டியாளரின் மதிப்பெண்ணைக் குறைப்பதும் தன் அமைப்புக்குச் சாதகம்தான்.

சட்டப்பக்கம்

இடையில் ஓர் எச்சரிக்கை. "கேட்பாரற்ற நிதி உங்கள் பெயருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது, விடுவிக்கக் கட்டணம் அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது மோசடி. சிங்கப்பூரில் இன்றைக்கு இப்படி நிதி பிரித்துக் கொடுக்கும் திட்டமே இல்லை. சந்தேகம் என்றால் 1799 ஸ்கேம்ஷீல்டு எண்ணுக்கு அழையுங்கள். வருங்காலத்தில் திட்டம் வந்தாலும் உரிமை கோருவது இலவசம், வங்கி முகப்பில் மட்டும், இடைத்தரகர் கமிஷனுக்குத் தடை என்று சட்டத்திலேயே போட வேண்டும். இல்லாவிட்டால் பட்டியல் வெளியான மறுநாளே ஏஜெண்டுகள் ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள்.

ஊழியர்நலன்_உமா

பணம் செலவான பிறகு உரியவர் வந்தால் என்ன நடைமுறை? இதைப் படிப்படியாக யாராவது எழுதுங்கள். வளவன் சொன்ன மூலதனமும் கயல் சொன்ன 40 சதவிகிதமும் இந்த இடத்தில் எப்படி வேலை செய்யும்?

வரவுசெலவு_வளவன்

உரியவர் போக வேண்டிய இடம் எப்போதும் அவருடைய பழைய வங்கிதான். வங்கி அடையாளம் சரிபார்த்து, தன் பணத்திலிருந்து உடனே கொடுக்கும். மாத இறுதியில் அப்படிக் கொடுத்த தொகைகளைப் பட்டியலிட்டு நிதியிடமிருந்து வாங்கிக்கொள்ளும். "நிதியிடம் பணம் இல்லை" என்ற பதிலை உரியவர் கேட்கவே கூடாது. அது வங்கிக்கும் நிதிக்கும் இடையிலான விஷயம். இதற்காக வங்கி பழைய கையெழுத்து அட்டை, கணக்கு திறந்த படிவம், அடையாள எண் ஆகியவற்றை நிதிக்குப் பணம் அனுப்பிய பிறகும் அழிக்கக் கூடாது. வங்கிகள் ஒன்றோடொன்று இணையும்போது இந்தப் பதிவுகள்தான் முதலில் காணாமல் போகும். ஆகவே பணம் மாற்றும் நாளிலேயே ஒரு பிரதி நிதிக்கும் போக வேண்டும்.

வட்டியை மறக்க வேண்டாம். இந்தியாவில் 10 வருடம் கேட்பாரற்ற வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகின்றன, வட்டி தரும் கணக்கு என்றால் திருப்பித் தரும்போது வட்டியும் உண்டு. 2021 மே மாதம் அதை 3 சதவிகிதமாகக் குறைத்தார்கள். இங்கே குறைந்தபட்சம் அந்தக் கணக்குக்கு வங்கி கொடுத்திருக்கும் வட்டியாவது கிடைக்க வேண்டும்.

உரியவருக்குத் திருப்பித் தர எவ்வளவு ஒதுக்கி வைப்பது என்பதில் அயர்லாந்து 15 சதவிகிதம், பிரிட்டன் 40இல் ஆரம்பித்தது. முதல் 5 வருடத்துக்கு நான் 40 என்பேன். தேடல் தளம் திறந்ததும் உரிமை கோருவோர் கூட்டமாக வருவார்கள், அந்த வேகத்தைப் பார்க்காமல் குறைக்கக் கூடாது. வெளிநாட்டு ஊழியர் கணக்குகளைத் தனித் தொகுப்பாக வைத்து, அதிலிருந்து 10 வருடம் எதையும் பிரிக்காமல் விட வேண்டும். அந்தப் பத்து வருடமும் ஃபின் எண்ணை வைத்து ஊர் முகவரிக்குத் தேடல் நடக்கட்டும், தேடும் செலவை வங்கி ஏற்கட்டும்.

ஊழியர்நலன்_உமா

500 வெள்ளிக்குக் கீழ் என்றால் அப்போஸ்டில் வேண்டாம், காணொளி அழைப்பில் முகமும் பழைய வேலை அனுமதி விவரமும் சரிபார்த்து ஊர்க் கணக்குக்கே அனுப்பலாம் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் அவர் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டுமே போவதால் மோசடிக்கு இடம் குறைவு.

வரவுசெலவு_வளவன்

சரி. ஆனால் இறந்தவர் கணக்குக்கு அது பொருந்தாது. அங்கே தொகை சின்னதானாலும் வாரிசுகள் எத்தனை பேர் என்பது தெரிய வேண்டும். அதற்குப் பொது அறங்காவலர் அலுவலகமே தமிழில் ஒரு படிவமும், தாசில்தார் சான்றிதழைத் துணை ஆவணமாக ஏற்கும் விதியும் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.